நிறைவுடையோனுக்கு நாம் இடும் பூ

ஸ்ரீ:

திருக்கோயிலில் கொடியேறிய நாள் முதல் தீர்த்தவாரி நிறைவுறும் நாள் வரையில் சந்நிதியில் நிற்கும் அர்ச்சகனுடைய கைகளுக்கு ஓய்வென்பதில்லை. தேங்காயும் பழமும், திருத்துழாய் மாலையும் தாமரையும், நெய்யும் கற்கண்டும், பாலும் இளநீரும் தட்டுத் தட்டாக வந்த வண்ணம் இருக்கும். அவற்றை அடியார்களிடமிருந்து வாங்கி, எம்பெருமான் திருமுன்பே ஸமர்ப்பித்து, ப்ரஸாதமாக மீண்டும் அவர்கள் கையில் கொடுப்பதே எம்போன்றோர் பெற்ற பேறு. இவ்வாறு வாங்கியும் கொடுத்தும் நிற்கையில், ஸேவிக்க வருவோரில் சிந்தனை மிக்க சிலர், அதிலும் கல்லூரியில் பயிலும் இளைஞர்கள், ஒரு வினாவை எழுப்புவதுண்டு. "ஸ்வாமி, எல்லாம் உடையவனுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? எதற்காகக் கொடுக்கிறோம்?" என்பதே அவ்வினா. சிலர் பணிவோடு கேட்பர். சிலர் சற்றே ஏளனத்தோடு கேட்பர். எவ்வாறு கேட்பினும் அது தள்ளத்தக்க வினாவன்று. வேதாந்தம் பயின்ற பெரியோர்கள் தமக்குள் கேட்டுக்கொண்ட வினா அது. திருவிழாவுக்கு நெடுந்தூரம் கடந்து வந்திருக்கும் அன்பர்கள் இதற்கு விடை அறிந்து ஸேவிப்பார்களேயானால், அவர்கள் கொண்டுவந்த பூவுக்கு மணம் இன்னும் கூடும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வினாவின் மூன்று முகங்கள்

இவ்வினாவுக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது, பகவானை 'அவாப்த ஸமஸ்த காமன்' என்று சாஸ்திரம் கூறுகிறது. அடையவேண்டியவை அனைத்தையும் அடைந்து நிறைந்தவன் என்பது இதன் பொருள். நிறைந்த குடத்தில் நாம் வார்க்கும் ஒரு துளிக்கு இடம் ஏது? இரண்டாவது, நாம் கொடுக்கும் பொருள் யாருடையது? தாமரையைப் பூக்கச் செய்தவன் அவன். குளத்தில் நீரை நிறைத்தவன் அவன். பறிக்கும் கையைப் படைத்தவனும் அவன். காவிரியில் முகந்த நீரைக் காவிரிக்கே வார்ப்பது ஒரு கொடையாகுமா? மூன்றாவது முகம் மற்ற இரண்டைக் காட்டிலும் கூர்மையானது. கோயில் வாசலில் பசித்த வயிறுகள் காத்திருக்க, கருவறையில் பாலும் நெய்யும் சொரிவது அறமாகுமா?

முதல் இரண்டும் தத்துவத்தைப் பற்றியவை. மூன்றாவது தர்மத்தைப் பற்றியது. தத்துவத்துக்கு மட்டும் விடை கூறித் தர்மத்துக்கு விடை கூறாமல் நழுவுவது பெரியோர் நெறியாகாது. ஆதலின் மூன்றையும் முறையாக எடுத்துக்கொள்வோம்.

நிவேதனம் என்னும் சொல்

முதலில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களையே உற்று நோக்குவோம். 'ஆராதனம்' என்பதற்கு உவப்பித்தல், மகிழச் செய்தல் என்று பொருள். 'நிவேதனம்' என்ற சொல்லோ இன்னும் ஆழமானது. வடமொழியில் அச்சொல்லுக்குத் தெரிவித்தல், விண்ணப்பித்தல் என்பதே நேர்ப்பொருள். அமுது படைக்கும்போது நாம் எம்பெருமானுக்கு இல்லாத ஒன்றை ஈவதாகச் சொல் கூறவில்லை. "இது தேவரீருடையது" என்னும் உண்மையை அவன் திருமுன்பே தெரிவித்துக்கொள்கிறோம் என்றே கூறுகிறது.

அவனுக்கு அது தெரியாதோ எனின், தெரியும். மறந்திருப்பவர்கள் நாமே. என் வயல், என் வீடு, என் மகன், என் உழைப்பு, என் பெயர் என்று பொழுது விடிந்தது முதல் இரவு வரையில் நாம் கூறிக்கொண்டேயிருக்கிறோம். அகங்கார மமகாரங்கள் என்று பூர்வாசார்யர்கள் பெயரிட்ட நோய் இதுவே. ஒரு நாளில் ஒரு கணமேனும் ஒரு வாழைப்பழத்தைக் கையில் ஏந்தி, "இது என்னுடையதன்று" என்று சொல்லப் பழகினால், அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் பழத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து ஆத்மாவுக்கும் ஏறிச் செல்லும். வேள்வியில் ஆஹுதி இடும்போது 'ந மம' என்கிறோம். எனக்கன்று என்பது அதன் பொருள். நாம் நாள்தோறும் நூறு முறை சொல்லும் 'நம:' என்ற சொல்லுக்கும் 'ந ம:' என்று பிரித்து, 'எனக்கு உரியேன் அல்லேன்' என்றே பெரியோர் பொருள் உரைத்தனர்.

ஆகவே, அவனுடைய பொருளை அவனுக்கே கொடுப்பது எப்படிக் கொடையாகும் என்ற இரண்டாம் வினாவுக்கு விடை இதுவே. அது கொடையாகாது. நம்மிடம் இருந்த திருட்டை ஒழித்துக்கொள்வதாகும். தேவர்கள் தந்ததை அவர்களுக்கு இடாமல் தானே துய்ப்பவனைக் கள்வன் என்று கீதை மூன்றாம் அத்யாயத்தில் கண்ணபிரான் கடிந்து கூறியதன் கருத்தும் இதுவேயாகும்.

இந்த நோய் ஆராதனம் செய்பவனையும் விடாது என்பதை எம்பெருமானார் நன்கு அறிந்திருந்தார். கி.பி. 1017ல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த அம்மஹான், ஸ்ரீபாஷ்யம் போன்ற பெருநூல்களோடு, திருவாராதன முறையைச் சுருங்க உரைக்கும் 'நித்யம்' என்ற சிறுநூலையும் அருளினார். பகவானே தன் அடிமையாகிய என்னைக் கருவியாகக் கொண்டு, தன் பொருள்களால், தன் உவப்புக்காகத் தன் ஆராதனத்தைத் தானே நடத்திக்கொள்கிறான் என்ற எண்ணத்தோடு தொடங்கவேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. நானே செய்கிறேன் என்ற எண்ணம், இது என்னுடைய செயல் என்ற எண்ணம், இதன் பலன் எனக்கு வேண்டும் என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் துறப்பதே ஸாத்விக த்யாகம் எனப்படும். பூவைக் கொடுப்பது எளிது. பூவைக் கொடுத்தவன் நான் என்ற எண்ணத்தைக் கொடுப்பதே அரிது.

சித்தன்னவாசல் காட்டும் தாமரைக் குளம்

இவ்விடத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ள ஓர் அரிய சான்றை அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே, அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சித்தன்னவாசல் மலை. அங்குள்ள அறிவர் கோயில் என்னும் குடைவரை சமணர்களுடையது. நம் ஸம்ப்ரதாயத்துக்கு அது புறச்சமயம். ஆழ்வார்கள் காலத்தில் நம்மவர்க்கும் அவர்களுக்கும் கடுமையான வாதங்கள் நிகழ்ந்ததை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், நல்ல பொருள் எங்கிருப்பினும் கண்டு தெளிவது அறிவுடைமையாகும்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்குடைவரையின் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தையும் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்த அர்த்தமண்டபத்தின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. குளம் நிறைய இலையும் மொட்டும் மலருமாகத் தாமரைகள். இடையிடையே மீன்கள், பறவைகள், எருதுகள், யானைகள். அவற்றுக்கு நடுவே தாமரை பறிக்கும் மூவர். காலத்தாலும் மனிதர் கையாலும் சிதைந்தது போக எஞ்சியிருப்பதே நம் கண்ணையும் நெஞ்சையும் நிறைக்கிறது. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் 'சமவசரணம்' என்னும் திருவோலக்கத்துக்குச் செல்லும் பவ்யர்கள், அதாவது நற்கதிக்குத் தகுதியுடையோர், வழியிலுள்ள குளத்தில் இறங்கி மலர் கொய்யும் காட்சி இது என்று அறிஞர் கூறுவர்.

இதில் நாம் சிந்திக்கவேண்டுவது ஒன்றுண்டு. சமணர் கொள்கையில் தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பு இரண்டையும் வென்றவர். யார் பூவிட்டாலும் உவப்பதில்லை; இடாவிட்டாலும் முனிவதில்லை; வரம் தருவதும் இல்லை. ஆயினும் அவர்கள் குளத்தில் இறங்கிப் பூப்பறித்தார்கள். பெறுபவர் எதையும் பெறாத நிலையிலும், இடுபவனுடைய உள்ளம் இடுவதனாலேயே பற்று நீங்கித் தூய்மை பெறும் என்பது அவர்கள் துணிபு. நிவேதனத்தைப் பற்றி மேலே நாம் கண்டதில் ஒரு பாதியை இச்சித்திரமும் கூறுகிறது.

அம்மலையிலேயே ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம் உள்ளது. அங்கே வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதொரு படுக்கையில் கிறிஸ்து சகாப்தத்துக்கு முற்பட்ட பழந்தமிழ் எழுத்தில், எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்காக இளையர் என்பார் செய்தளித்த இருக்கை அது என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பொன்னும் பட்டும் அறுசுவை உணவும் வேண்டாத ஒருவருக்கு எதை அளிப்பது? கல்லைத் தேய்த்துச் சமன்செய்து கிடக்க ஓர் இடம் அளித்தார் அந்த இளையர். இடுபவன் தன் பெருமைக்கு ஏற்ப இடாமல், ஏற்பவர் திருவுள்ளத்துக்கு ஏற்ப இடவேண்டும் என்னும் கைங்கர்ய லக்ஷணம் இதைவிடத் தெளிவாக விளங்குமோ?

நம் எம்பெருமான் ஏற்கிறான்

இனி, நாம் அவர்களிடமிருந்து வேறுபடும் இடத்துக்கு வருவோம். சமணர் கூறியது பாதி விடை என்றோம். மற்றப் பாதியை நம் ஆழ்வார்களும் ஆசார்யர்களும் கூறினர். நம் எம்பெருமான் பூவை ஏற்கிறான், அமுது செய்கிறான், உவக்கிறான். இலையோ, பூவோ, பழமோ, நீரோ, தூய உள்ளத்தோடு பக்தன் எதை இட்டாலும் அதைத் தான் உண்பதாகக் கண்ணன் கீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில் தன் திருவாயாலேயே உறுதி கூறினான். பூவை முகர்வதாகவோ நீரைப் பருகுவதாகவோ கூறாமல் எல்லாவற்றையும் உண்பதாகக் கூறியது என்னவெனில், அன்பின் மிகுதியால் அவனும் முறைமை மறக்கிறான் என்று ரஸிப்பர் பெரியோர்.

குறைவற்றவன் எப்படி ஒன்றை வேண்டுவான் என்ற முதல் வினா இங்கே எழும். குறையினால் வேண்டுவது வேறு. அன்பினால் வேண்டுவது வேறு. வீடு நிறையப் பண்டம் இருக்கும் தகப்பனும், குழந்தை தன் எச்சில் கையால் நீட்டும் ஒரு பருக்கைக்கு வாய் திறக்கிறான். அவன் பசியால் திறப்பதில்லை. குழந்தையின் முகம் மலரவேண்டும் என்று திறக்கிறான். நிறைந்தவனாக இருந்தும் அடியார்களை எதிர்பார்த்து நிற்கும் தன்மையை 'ஆச்ரித பாரதந்த்ர்யம்' என்றனர். அது அவனுடைய நிறைவுக்குக் குறையாகாது, நிறைவின் முடிமணியாகும்.

குசேலர் கதையைக் கேளாதார் இலர். அவருடைய மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய நான்கு பிடி அவல். அதுவும் கந்தைத் துணியில் முடிந்தது. த்வாரகையின் செல்வத்தைக் கண்டு கூசி அவர் அதை மறைத்தார். கண்ணனோ வலியப் பறித்து உண்டான். கஜேந்த்ராழ்வான் கதையிலும் இதே நுட்பம் உள்ளது. முதலை காலைப் பற்றியபோது அவ்யானை அலறியது உயிர் போகிறதே என்றன்று; துதிக்கையில் ஏந்திய தாமரை வாடுமுன் திருவடியில் சேரவில்லையே என்பதுதான் அதன் துயரம் என்று நம் பெரியோர் உரைப்பர். எம்பெருமான் கருடன் மீது விரைந்து வந்ததும் அந்தப் பூவுக்காகவே என்பர். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைகளுக்கு நடுவே நிற்கும் யானைகளைக் காணும் வைஷ்ணவனுக்குக் கஜேந்த்ராழ்வான் நினைவு வாராதிருக்குமோ?

முள்ளுக்கு அஞ்சிய சாஸ்த்ரம்

ஏற்பவனுடைய திருவுள்ளம் எத்தகையது என்பதற்குத் திருவாய்மொழி வியாக்யானத்தில் ஓர் அற்புதமான ஐதிஹ்யம் உண்டு. எம்பெருமானை ஆராதிப்பதன் எளிமையை நம்மாழ்வார் முதற்பத்தில் அருளிச்செய்யும் இடத்தில், நீரையும் புகையையும் பூவையும் பொதுவாகவே கூறினார். உயர்ந்தது, மணமுள்ளது என்று அடைமொழி எதையும் இடவில்லை. அதனை விளக்கிய ஸ்ரீபராசர பட்டர், எந்தச் சருகை இட்டுப் புகைத்தாலும் போதும், முட்செடியாகிய கண்டங்கத்தரியின் பூவையும் சாத்தலாம் என்று அருளினார். கேட்டிருந்த நஞ்சீயர், "அப்பூ ஆகாது என்று சாஸ்திரம் விலக்கியிருக்கிறதே" என்று ஐயுற்றார். அதற்குப் பட்டர், எம்பெருமானுக்கு ஆகாதென்று சாஸ்திரம் விலக்கவில்லை என்றும், பறிக்கும் அடியார்களுடைய கையில் முள் பாயுமே என்று அஞ்சியே விலக்கியது என்றும் விடை கூறினார்.

அன்பர்களே, இந்த ஒரு விடையை நெஞ்சில் எழுதிக்கொண்டால் போதும். பூவைப் பற்றிய விதியிலும் எம்பெருமான் நோக்குவது நம்முடைய கையை. அவ்வாறிருக்க, திருவிழாக் கூட்டத்தில் நாம் ஒரு பூவை அவனுக்கு இடுவதற்காக முன்னே நிற்கும் மூதாட்டியை முழங்கையால் இடித்துத் தள்ளினால், அந்தப் பூவில் முள் இருக்கிறதா, இல்லையா? அது அவன் திருவுள்ளத்தில் தைக்குமே அன்றித் திருவடியில் சேருமா?

பொற்பூவும் மண்பூவும்

திருவேங்கடத்தில் தொண்டைமான் சக்ரவர்த்தி நாள்தோறும் பொற்பூக்களால் அர்ச்சித்து வந்தான். ஒருநாள் அப்பொற்பூக்களின் மேல் மண்ணால் செய்த பூக்கள் கிடக்கக் கண்டு திகைத்தான். குரும்பறுத்த நம்பி என்னும் குயவர், மட்பாண்டம் வனைந்த பின் கையில் ஒட்டிய மண்ணையே பூவாகச் செய்து, தம் குடிலில் இருந்தபடியே எம்பெருமானுக்கு இட்டுவந்தார் என்பதைப் பின்னர் அறிந்தான் என ஸ்தல வரலாறு கூறும். இன்றளவும் திருமலையில் மண் ஓட்டில் தயிரன்னம் அமுது செய்தருளப் பண்ணும் வழக்கம் அந்த அடியாரை நினைவூட்டி நிற்கிறது.

பொன்னைவிட மண் உயர்ந்தது என்பதன்று இதன் கருத்து. தொண்டைமானுடைய பொன்னும் ஏற்கப்பட்டதே. ஆனால் அரசனுக்குப் பொன் எளிது. குயவருக்கோ உழைத்துக் களைத்த கையால் இன்னும் ஒரு கணம் மண்ணைப் பிசைவது அரிது. எளிதில் பிரியக்கூடியதைக் கொடுப்பதும், பிரிய மனம் வாராததைக் கொடுப்பதும் ஒன்றாகா.

உள்ளம்தானே வேண்டும், பொருள் எதற்கு என்று கேட்பாரும் உளர். மனத்தில் நினைத்தால் போதாதோ என்பர். போதும், உண்மையிலேயே மனம் அவனிடம் இருக்குமாயின். ஆனால் நம் பற்றுக்கள் மனத்தில் மட்டும் தங்குவதில்லை. பெட்டியிலும் பத்தாயத்திலும் பத்திரத்திலும் தங்கியிருக்கின்றன. கையிலுள்ளதை விடாமல் மனத்தில் மட்டும் துறந்துவிட்டதாக எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் வழியாக முடியும். மேலும், அன்பு கைகளைச் சும்மா இருக்க விடாது. பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் பாமாலை பாடவல்லவர்களாயினும், நந்தவனம் அமைத்து மண் கொத்தி நீர் வார்த்துப் பூமாலையும் கட்டினார்களன்றோ?

ஆண்டாள் நாச்சியாரின் வேண்டுதலையும் இங்கே நினைக்கவேண்டும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடாக்களில் வெண்ணெயும், நூறு தடாக்களில் அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக அவள் வாயால் நேர்ந்தாள். நெடுங்காலத்துக்குப் பின் வந்த எம்பெருமானார், அவ்வார்த்தை செயலாகவேண்டும் என்று அழகர் திருமுன்பே அதனை நிறைவேற்றினார். பின்பு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்ததாக ஸம்ப்ரதாயம். வாயால் சொன்னது போதுமே என்று உடையவர் எண்ணவில்லை. சொன்ன சொல் பண்டமாகித் தடாவில் நிறைந்து அடியார்களின் இலையில் விழும் வரையில் அவர் திருவுள்ளம் அமைதி பெறவில்லை.

பசித்திருப்போர் வாசலில் நிற்க

மூன்றாம் வினாவுக்கு வருகிறோம். இதில் மழுப்பலுக்கு இடமில்லை. ஸ்ரீமத் பாகவதம் மூன்றாம் ஸ்கந்தத்தில் கபில பகவான் தம் தாய் தேவஹூதிக்கு உபதேசிக்கையில், எல்லா உயிர்களிலும் உறையும் தம்மைப் பொருட்படுத்தாமல் அர்ச்சையில் மட்டும் பூஜிப்பவனுடைய பூஜை சாம்பலில் இட்ட ஆஹுதிக்கு ஒப்பாகும் என்று கூறிவிட்டார். அவரே, தன் நெஞ்சிலும் எல்லா உயிர்களிலும் என்னை உணரும் வரையில் ஒருவன் தன் கடமைகளைச் செய்துகொண்டு அர்ச்சையில் ஆராதிக்கக் கடவன் என்றும் கூறினார். ஆகவே ஆராதனம் வேண்டாம் என்பது சாஸ்திரமன்று. ஆராதனம் அங்கேயே நின்றுவிடக்கூடாது என்பதே சாஸ்திரம்.

திருவிழாவின் அமைப்பையே பாருங்கள். உத்ஸவம் என்ற சொல்லை 'உத்' 'ஸவம்' என்று பிரித்து, உயர்ந்த வேள்வி என்று பொருள் கூறுவர். அது முளையிடுவதில் தொடங்குகிறது. மண் எடுத்துப் பாலிகைகளில் நவதான்யம் விதைத்து நீர் தெளிக்கிறோம். விளைச்சலே முதல் வேண்டுதல். அடுத்து நாள்தோறும் எட்டுத் திக்கிலும் பலி ஸாதிக்கிறோம். திக்பாலகர்களுக்கும் பரிவாரங்களுக்கும் பூதகணங்களுக்கும் அன்னம் இட்ட பின்னரே பெருமாள் வீதியில் எழுந்தருளுகிறார். கருவறை வரையில் வர இயலாத முதியோரும் நோயாளிகளும் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தே ஸேவிக்கும்படி அவரே புறப்பட்டு வருகிறார். அமுது செய்தருளிய தளிகையில் ஒரு பருக்கையும் குறைவதில்லை. அவன் கடாக்ஷம் மட்டும் சேர்ந்து அனைத்தும் அடியார்களுக்கே திரும்புகிறது. திருமடைப்பள்ளியில் ஏற்றிய அடுப்பு கோயில் வாசலில் நிற்கும் பசியைத் தணிக்காமல் அணையுமானால், அந்த நிவேதனம் பாதியில் நின்றது என்றே கொள்ளவேண்டும்.

இவ்வூர்ப்பக்கத்தில் வாழ்ந்த முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டு வரையில் புதுக்கோட்டை ஸமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் திருக்கோகர்ணம் பிருஹதாம்பாளின் அடியவர்கள் என்ற பொருளில் 'பிருஹதாம்பாதாஸ்' என்னும் பட்டத்தைத் தாங்கினர். அம்மன் திருவுருவம் பொறித்த அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசை அடித்து, நவராத்ரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்கினர். தெய்வத்தின் திருவுருவத்தைத் தாங்கிய காசு முதலில் சென்றது ஏழையின் உள்ளங்கைக்கு. அரசனே தன்னை அடியவன் என்று கூறிக்கொண்ட இடத்தில் அவ்வழக்கம் இருந்தது வியப்பன்று. இது என்னுடையதன்று என்று தெய்வத்தின் முன் சொன்னவனுக்கு, பசித்தவன் முன் அதே சொல்லைச் சொல்லக் கடினமிராது.

ஆகையால் அன்பர்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுகிறோம். ஒரு படி பாலில் திருமஞ்சனம் நிறைவுறும் இடத்தில், பெயருக்காக நூறு படி சொரிய வேண்டுமென்று எந்த ஆகமமும் கட்டளையிடவில்லை. மிகுந்த பால் திருமடைப்பள்ளிக்குச் சென்று பாயஸமாகிக் குழந்தைகளின் கையில் சேரட்டும். பிறர் நிலத்தைக் கவர்ந்து பெற்ற பொருளால் வெள்ளிக்கவசம் சாத்துவதைக் காட்டிலும், அந்நிலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து கைகூப்புவது உயர்ந்த ஸமர்ப்பணம். அர்ச்சகர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. தட்டில் விழும் காசின் எடையைப் பார்த்துத் தீர்த்தமும் சடாரியும் ஸாதிப்பது, எம்பெருமானுடைய அருளை நாங்கள் எங்களுடையது என்று கருதுவதாகும். அது எல்லாவற்றினும் கொடிய மமகாரம்.

முதல் மரியாதை யாருக்கு?

கொடுத்ததற்குக் கைம்மாறாகப் பரிவட்டமும் முதல் தீர்த்தமும் கேட்டு, அவற்றுக்காகத் திருவிழாவையே நிறுத்தும் அளவுக்குப் பூசல் விளைவது சில ஊர்களில் நிகழ்கிறது. இது இன்று தோன்றிய நோயன்று. நம் மாவட்டத்துத் திவ்யதேசமாகிய திருமெய்யத்தில், திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த அப்பெரிய மலையில், பள்ளிகொண்ட பெருமாளும் சிவபெருமானும் ஒரே பாறையில் அருகருகே குடைவரைகளில் எழுந்தருளியிருக்கின்றனர். அவ்விரு கோயிலாருக்கும் இடையே வருவாயைப் பங்கிடுவது பற்றி நெடுநாள் வழக்கு நிகழ்ந்து, கி.பி. 1245ல் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் கூடிய சபையில் அது தீர்க்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஒரே கல்லில் இடம் பகிர்ந்துகொண்ட தெய்வங்களுக்குள் வழக்கில்லை. அவர்களுக்கு இடப்பட்ட நெல்லை அளந்த மனிதர்களுக்குள்தான் வழக்கு. கொடுத்துவிட்ட பின்னும் நம் மனம் பொருளை எப்படிப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு இதனைக் காட்டிலும் சான்று வேண்டுமா? எம்பெருமான் திருமுன்பே வைத்த பொருளில் நம் பெயரைத் தேடுவது, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

எட்டு மலர்கள்

முடிவாக, எவ்விடத்திலும் எக்காலத்திலும் கிடைக்கும் எட்டு மலர்களைப் பெரியோர் காட்டியுள்ளனர். கொல்லாமை, புலனடக்கம், எல்லா உயிர்களிடத்தும் தயை, பொறுமை, ஞானம், தவம், த்யானம், வாய்மை என்பன அவை. விஷ்ணுவுக்கு உவப்பான புஷ்பங்கள் இவையே என்பர். இவற்றுள் முதலாவதாக எண்ணப்பட்டது அஹிம்ஸை. சித்தன்னவாசல் குகையில் கற்படுக்கையில் கிடந்து தவம் இயற்றிய துறவியர் தலையாய அறமாகப் போற்றியதும் அந்த மலரே. தத்துவத்தில் நாம் அவர்களோடு உடன்படாத இடங்கள் பல. ஆனால் குளத்தில் முதலில் பறிக்கவேண்டிய பூ எது என்பதில் இரு திறத்தாரும் உடன்பட்டிருக்கிறோம் என்பதை நினைக்கும்போது உள்ளம் குளிர்கிறது.

திருவிழாவுக்கு எழுந்தருளியிருக்கும் அடியார்கள் இம்முறை இவ்வாறு செய்து பார்க்கலாம். கொண்டுவந்த பூவோடு, இந்த எட்டில் தமக்கு மிக அரிதாக உள்ள ஒன்றையும் சேர்த்து எம்பெருமானிடம் ஸமர்ப்பிக்கட்டும். கோபம் மிகுந்தவர் பொறுமையை. வாணிபத்தில் உள்ளவர் வாய்மையை. உறவினரோடு வழக்காடுபவர் தயையை. வேண்டுதலைச் சொல்வதிலும் குற்றமில்லை. குழந்தை தகப்பனிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டுவிட்டு, "தேவரீர் திருவுள்ளம்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த ஒரு சொல்லில் வாணிபம் ஒழிந்து ஆராதனம் பிறக்கும். ப்ரஸாதத்தைப் பெற்றால் அருகில் பெறாதவர் யாரேனும் நிற்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்க்கட்டும். நேரமும் வசதியும் உள்ளவர்கள், திருமெய்யத்தில் பள்ளிகொண்ட பெருமாளை ஸேவித்த பின்னர், சித்தன்னவாசலுக்கும் சென்று அந்தத் தாமரைக் குளத்தைத் தலைநிமிர்ந்து கண்டு வரட்டும். சுவரில் கைபடாமல், பெயர் கீறாமல் கண்டு வருவதும் ஓர் அஹிம்ஸையே.

நிறைவுடையோனுக்கு நாம் இடும் பூவால் அவனுக்கு ஒன்றும் கூடுவதில்லை. நமக்கோ, நம்முடையது என்ற சுமையில் ஒரு பூவின் எடை குறைகிறது. அந்தச் சிறு எடையையும் தன் திருவடியில் தாங்கிக்கொண்டு, அதற்காகவே காத்திருந்தவன் போல் அவன் உவக்கிறான். நாள்தோறும் இவ்வாறு ஒரு பூவின் எடை குறைந்துகொண்டே வருமாயின், ஒரு நாள் சுமப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலை வாய்க்கும். அந்த நாளை நம் அனைவருக்கும் அவன் அருளட்டும். மழை பொய்யாது பெய்க, ஏரிகள் நிறைக, பசியும் பிணியும் பகையும் நீங்குக, அடியார் திருக்கூட்டம் வாழ்க.

சுபமஸ்து.